மாற்றேற்பாடும் பொது வேரும்: ஆர்வலர் செய்மதிகளின் வரலாறு மன்னார்க் கரைக்கு உணர்த்துவது

தொடர்பாடற் சாதனங்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றின் வெற்றிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. முதற் கம்பி எப்பொழுது இழுக்கப்பட்டது, முதற் கப்பல் எப்பொழுது ஓடியது, முதற் செய்மதி எப்பொழுது ஏவப்பட்டது என்பனவே அவ்வரலாற்றில் முதன்மை பெறுகின்றன. ஆயின் ஒரு சாதனத்தின் உண்மையான இயல்பு அது முறியும் வேளையிலேயே வெளிப்படுகின்றது. முறிந்தபின் எஞ்சி நிற்பது எது, எஞ்சியதை இயக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்னும் வினாக்களை எழுப்பாத வரலாறு பாதி வரலாறேயாகும்.

இந்நோக்கில், ஒன்றுக்கொன்று தொடர்பற்றனவாகத் தோன்றும் இரண்டு வரலாறுகளை அருகருகே வைத்து நோக்க இக்கட்டுரை முயல்கின்றது. ஒன்று, பாக்கு நீரிணையின் தென் விளிம்பிற் கிடக்கும் மன்னார்த் தீவின் தொடர்பு வழிகளின் வரலாறு. மற்றையது, உலகின் வானொலி ஆர்வலர் தம் கையால் ஆக்கி விண்ணுக்கு அனுப்பிய சிறு செய்மதிகளின் வரலாறு. மன்னாரில் எவரும் செய்மதி செய்தாரல்லர். ஆயினும், ஒரு வழி கெட்டால் மறுவழி நிற்கவேண்டும் என்னும் தேவை இரண்டுக்கும் பொதுவானது. அத்தேவையை எவ்வாறு நிறைவேற்றுவது என்பதைப் பின்னையதிலிருந்து முன்னையது கற்றுக்கொள்ள இடமுண்டு.

1. ஒரே மணற்றிட்டின் மேல் பல வழிகள்

இந்தியாவையும் இலங்கையையும் இணைத்த தந்திக் கம்பி 1858ஆம் ஆண்டில் மன்னார் வழியாகவே கடலைக் கடந்தது. 1914ஆம் ஆண்டிற் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் தலைமன்னார் இறங்குதுறைக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே, ஏறத்தாழ 22 மைல் தூரத்தைக் கடக்கும் கப்பற் சேவை தொடங்கியது. சென்னையிற் புகைவண்டி ஏறியவர் இடையிலே கப்பல் மாறி மீண்டும் புகைவண்டியேறிக் கொழும்பை அடைய முடிந்தது. ‘போட் மெயில்’ என்று மக்கள் வழங்கிய பயணம் இதுவேயாகும்.

இவ்வழிகள் ஏன் ஒரே இடத்திற் குவிந்தன என்பது சிந்தித்தற்குரியது. கடல் இங்கு ஒடுங்கியது என்பது இயற்கைக் காரணம். சமூகக் காரணமும் ஒன்றுண்டு. தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட உழைப்பாளர் முற்காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளூடே மலைநாட்டை நோக்கி நடந்தனர். அவ்வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். பிற்காலத்தில் அவர்கள் மண்டபம் முகாமிலே தடுத்து வைக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, எண்ணி அனுப்பப்பட்டனர். எண்ணுவோனுக்கு ஒரு வாயில் போதும். இரண்டு வாயில்கள் இருப்பின் அவனுக்குச் சுமையே. ஆளுவோரின் வசதிக்கு அமைந்த வழி ஒற்றை வழியாக அமைவதில் வியப்பில்லை.

1964ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆந் திகதி இரவு எழுந்த சூறாவளி இந்த அமைப்பின் உண்மை இயல்பை வெளிப்படுத்தியது. தனுஷ்கோடியை நோக்கிச் சென்ற பயணிகள் புகைவண்டி கடலலையால் விழுங்கப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் அதிலே மாண்டனர். தனுஷ்கோடி என்னும் ஊரே அழிந்தது. புகைவண்டிப் பாதை, இறங்குதுறை, கம்பித் தொடர்பு ஆகியன தனித்தனிச் சாதனங்களாகவே எண்ணப்பட்டிருந்தன. ஆனால் அவையனைத்தும் ஒரே மணற்றிட்டின் மீது நின்றவை. ஆதலின் ஒரே இரவில் அவை ஒருங்கே வீழ்ந்தன. பெயரளவில் மூன்றாக இருந்தவை ஆபத்து வேளையில் ஒன்றாகவே இருந்தன.

கப்பற் சேவை பின்னர் இராமேசுவரத்திலிருந்து தொடர்ந்து, 1984ஆம் ஆண்டிற் போரின் காரணமாக நின்றது. 1990ஆம் ஆண்டில் தலைமன்னார்ப் புகைவண்டிச் சேவையும் நின்றது. தீவைப் பெருநிலத்தோடு இணைத்த பாலமும் அவ்வாண்டிலேயே தகர்க்கப்பட்டது. புதிய பாலம் 2010ஆம் ஆண்டிலும், தலைமன்னார் வரையிலான புகைவண்டிப் பாதை 2015ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலும் திறக்கப்பட்டன. ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் தீவு மக்கள் நிலையான பாலமின்றி வாழ்ந்தனர். இயற்கையாலும் மனிதராலும் விளைந்த இம்முறிவுகள் ஒரே வினாவை நம்முன் வைக்கின்றன: ஒன்றுக்கு இரண்டாக வைத்திருந்தால் மட்டும் போதுமா?

2. மாற்றேற்பாடு என்பது யாது?

இவ்வினாவைப் பொறியியலாளர் நெடுங்காலமாக எதிர்கொண்டு வந்துள்ளனர். பழுதுபார்க்கச் செல்லமுடியாத இடத்தில் இயங்கும் கருவிக்கு ஒவ்வோர் இன்றியமையாத உறுப்பையும் இரட்டிப்பாக அமைத்தல் அவர்தம் வழக்கம். இதனை மாற்றேற்பாடு எனலாம். விண்ணிற் செல்லும் செய்மதி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. வெயிலிற் கொதித்தும் நிழலிற் குளிர்ந்தும் நாளொன்றுக்குப் பதினான்கு, பதினைந்து முறை மாறிமாறி வருந்தும் அப்பொருளை ஏவியபின் எவரும் தொடவியலாது.

ஓர் எளிய கணக்கை நோக்குவோம். ஒரு கருவி ஓராண்டிற் பழுதடையும் வாய்ப்புப் பத்தில் ஒன்று எனக் கொள்வோம். அத்தகைய கருவிகள் இரண்டு இருந்து, ஒன்றின் கேடு மற்றையதைத் தாக்காதிருப்பின், இரண்டும் கெடும் வாய்ப்பு நூறில் ஒன்றாகக் குறைகின்றது. ஆயின் இரண்டும் ஒரே மின்கல அடுக்கிலிருந்து வலுப் பெறுகின்றன என்றும், அவ்வடுக்குக் கெடும் வாய்ப்பும் பத்தில் ஒன்று என்றும் கொள்வோம். அப்பொழுது முழு அமைப்பும் செயலிழக்கும் வாய்ப்பு நூறில் ஏறக்குறைய பதினொன்று. இரண்டாவது கருவியாற் பெற்ற பயன் யாவற்றையும் பொதுவான அந்த ஒரு வேர் விழுங்கிவிட்டது. எனவே மாற்றேற்பாட்டின் உயிர் எண்ணிக்கையில் இல்லை. ஒன்றையொன்று சாராத தன்மையிலேயே உள்ளது.

இது செய்மதிகளின் வரலாற்றில் எவ்வாறு மெய்ப்பட்டது என்பதை அடுத்து நோக்குவோம்.

3. ஆர்வலர் செய்மதிகளின் பாடம்

‘ஹாம்’ என வழங்கும் ஆர்வலர் வானொலியாளர் ஊதியம் கருதாது, அரசின் அனுமதி பெற்று, தமக்கென ஒதுக்கப்பட்ட மீடிறன்களில் ஒருவரோடொருவர் பேசுவோர். முதலாவது செய்மதி ஏவப்பட்டு நான்கே ஆண்டுகளில், 1961 டிசெம்பர் 12ஆந் திகதி, அமெரிக்க ஆர்வலர் சிலர் ஆக்கிய ‘ஒஸ்கார் – 1’ விண்ணேறியது. வேறொரு பெருஞ் செய்மதியை ஏவிய ரொக்கெற்றில், எடையைச் சமன்செய்ய வைக்கும் பாரத்தின் இடத்திலே அது அமர்ந்து சென்றது. சூரியக் கலங்கள் அதில் இல்லை. மோர்சுக் குறியில் இரண்டு எழுத்துக்களைத் திரும்பத் திரும்ப ஒலித்து, ஏறக்குறைய மூன்று வாரங்களில் அது அடங்கியது.

1965ஆம் ஆண்டில் ஏவப்பட்ட ‘ஒஸ்கார் – 3’ முதன்முறையாக ஒரு டிரான்ஸ்பொண்டரைத் தாங்கிச் சென்றது. கீழிருந்து வரும் சைகையை ஒரு மீடிறனில் வாங்கி, வேறொரு மீடிறனுக்கு மாற்றி, வலுப்பெருக்கித் திருப்பி அனுப்பும் கருவி அது. தனியொருவர் குரலையன்றி ஒரு மீடிறன் பட்டையையே அப்படியே மாற்றி அனுப்புவதால், பலர் ஒரே வேளையில் அதன்வழிப் பேசலாம். ஆயின் மொத்த வலு ஓர் எல்லைக்குட்பட்டது. ஒருவர் மிகை வலுவோடு ஒலிபரப்பின் மற்றையோர் பங்கு குறைந்து அவர் குரல் தேயும். பொதுச் சொத்தைப் பகிர்ந்து நுகரும் ஒழுக்கம் இக்கருவியின் மின்சுற்றிலேயே அமைந்துள்ளது எனலாம்.

1969ஆம் ஆண்டில் வாஷிங்ரனில் ‘அம்சாற்’ என்னும் அமைப்புத் தோன்றியபின் ஆர்வலர் செய்மதிகள் நீடித்து உழைக்கும் நிலையை எட்டின. அவற்றுள் 1974 நவம்பர் 15ஆந் திகதி ஏவப்பட்ட ‘ஒஸ்கார் – 7’ தனிச் சிறப்புடையது. அதில் இரண்டு டிரான்ஸ்பொண்டர்கள் இருந்தன. அவை ஒன்றன் படிகளல்ல. வெவ்வேறு மீடிறன்களில் இயங்கியவை. அவற்றுள் ஒன்று மேற்கு ஜேர்மனியைச் சேர்ந்த கார்ல் மைன்சரின் ஆக்கம். ஒருவரது கணக்கில் நேர்ந்த பிழை மற்றவர் கருவியில் நேராது. கால அளவி ஒன்று ஒருநாள் இடைவெளியில் அவற்றை மாற்றி மாற்றி இயக்கியது.

1981ஆம் ஆண்டில் அதன் மின்கல அடுக்குக் குறுக்கு மின்னிணைப்புற்றது. சூரியக் கலங்கள் தந்த வலு முழுவதும் அப்பழுதின் வழியே வீணாக, செய்மதி இறந்ததாகவே கொள்ளப்பட்டது. இருபத்தொரு ஆண்டுகளின் பின், 2002ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், இங்கிலாந்திலுள்ள ஆர்வலர் ஒருவர் எதிர்பாராத வகையில் அதன் குரலைக் கேட்டார். குறுக்கிணைப்புற்ற மின்கலம் காலப்போக்கில் மேலும் பழுதாகிச் சுற்றிலிருந்து தானே அறுபட்டு விலகியிருந்தது. அதனாற் சூரியக் கலங்களின் வலு நேரே கருவிகளைச் சென்றடைந்தது. அன்றுமுதல் வெயில் படும்போது விழித்தும் நிழலில் உறங்கியும் அது இயங்கி, ஐம்பதாம் ஆண்டு நிறைவெய்திய 2024ஆம் ஆண்டிலும் பயன்பட்டது. கெட்ட உறுப்பு வழிவிட்டு விலகினால் எஞ்சியவை வாழும் என்பதும், விலகாது நின்றால் நல்லனவும் மடியும் என்பதும் இந்நிகழ்ச்சி தரும் பாடமாகும்.

2000 நவம்பரில் ஏவப்பட்ட ‘ஒஸ்கார் – 40’ இதற்கு மறுதலையான நிலையிலிருந்து அதே உண்மையைக் காட்டுகின்றது. ஏவிய அடுத்த மாதமே அதன் உந்து பகுதியில் நேர்ந்த வெடிப்பு அதன் ஒலிபரப்பிகள் சிலவற்றைச் செயலிழக்கச் செய்தது. பல மீடிறன்களுக்கெனப் பல வாங்கிகளும் பரப்பிகளும் தனித்தனியே அமைந்திருந்தமையால், எஞ்சியவற்றைக் கொண்டு அச்செய்மதி பின்னரும் சேவை புரிந்தது. ஆயின் 2004ஆம் ஆண்டு ஜனவரியில் மின்கல அடுக்குக் கெட, அனைத்தும் ஒருங்கே ஓய்ந்தன.

4. ஹாம்சாற்

நம் அயலில் இவ்வரலாற்றின் முக்கிய நிகழ்ச்சி 2005ஆம் ஆண்டு மே 5ஆந் திகதி நடைபெற்றது. அன்று சிறீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. – சி6 ரொக்கெற், ‘கார்ட்டோசாற் – 1’ என்னும் நிலப்படச் செய்மதியோடு ‘ஹாம்சாற்’ என்னும் சிறு செய்மதியையும் ஏவியது. 42.5 கிலோகிராம் எடையுள்ள இதனை இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் ஆர்வலரின் பயன்பாட்டுக்கென ஆக்கியது. ஆர்வலர் உலகில் இது ‘வியுசாற் – ஒஸ்கார் 52’ எனப் பெயர் பெற்றது.

இச்செய்மதியில் இரண்டு டிரான்ஸ்பொண்டர்கள் பொருத்தப்பட்டன. ஒன்று இந்திய ஆர்வலர், விண்வெளி நிறுவனத்தாரின் துணையோடு ஆக்கியது. மற்றையது நெதர்லாந்தின் வென்லோ நகரிற் பொறியியல் பயின்ற வில்லியம் லெயனார் என்னும் மாணவ ஆர்வலரின் ஆக்கம். இரண்டும் 435 மெகாஹேர்ட்ஸ் அளவில் வாங்கி 145 மெகாஹேர்ட்ஸ் அளவில் திருப்பி அனுப்பின. ஒரு வேளையில் ஒன்றே இயங்கியது. நிலத்திலிருந்து அனுப்பும் கட்டளையால் ஒன்றை நிறுத்தி மற்றொன்றை இயக்கலாம். ஒரு வல்லரசின் தொழிற்கூடமும் ஒரு மாணவனின் மேசையும் ஒரே பெட்டிக்குள் சம நிலையில் இடம்பெற்றமை, அறிவியல் எவரதும் தனியுடைமை அன்று என்பதற்கு ஒரு சான்றாகும்.

ஏறக்குறைய 620 கிலோமீற்றர் உயரத்தில் துருவங்களையொட்டிச் சுற்றிய ஹாம்சாற், மன்னாரின் உச்சி வானிலே நிற்கும்போது, சுற்றிலும் 2,700 கிலோமீற்றர் வரையுள்ள நிலமும் கடலும் அதன் பார்வைக்குள் அடங்கும். தலைமன்னாரிலுள்ள ஒருவர் அவ்வேளையில் இராமேசுவரத்தோடு மட்டுமன்றி டில்லியோடும் பேசலாம். 22 மைல் கடலைக் கடக்க இறங்குதுறையும் கப்பலும் பாலமும் வேண்டியிருந்த இடத்தில், ஒரு வாற்று அளவான வலுவோடு இயங்கிய பெட்டி எல்லைகளைப் பொருட்படுத்தாது கடந்தது. ஆயின் அது தொடுவானிலிருந்து மறுதொடுவான் வரை செல்லும் நேரம் பதின்மூன்று நிமிடத்தை மிஞ்சாது. ஆகவே அதனை மற்றைய வழிகளுக்குப் பதிலாகவன்று, அவற்றுக்குத் துணையாகவே கொள்ளல் தகும்.

ஒன்பது ஆண்டுகளுக்கு மேலாக உழைத்த ஹாம்சாற் 2014ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் முடிவெய்தியது. முடிவுக்குக் காரணம் இரு டிரான்ஸ்பொண்டர்களுள் எதுவும் அன்று. அவை இரண்டுக்கும் வலுவளித்த இலித்தியம் மின்கல அடுக்கே கெட்டது. இரண்டு நாடுகளின் இரண்டு கைகள் இரண்டு விதமாக ஆக்கிய கருவிகளும் ஒரே வேரிலிருந்து நீர் உண்டன. வேர் வாட இரண்டும் வாடின. இதனை ஆக்கியோரின் குறை எனல் பொருந்தாது. சிறு செய்மதியில் எடையும் இடமும் அளவுபட்டவை. அனைத்தையும் இரட்டித்தல் இயலாது. எதனை இரட்டிப்பது, எதனை ஒற்றையாக விடுவது என்பதை ஆக்குவோர் தெரிந்து தீர்மானித்தல் வேண்டும். தெரியாது விடப்படும் ஒற்றையே ஆபத்தானது.

இலங்கையின் முதலாவது ஆய்வுச் செய்மதியான ‘இராவணா – 1’ 2019ஆம் ஆண்டில் யப்பானின் கியூஷு தொழில்நுட்பக் கழகத்தில் ஆக்கப்பட்டு விண்ணேறியது. ஒரு கிலோகிராம் அளவே எடையுள்ள அதனுள் இரட்டிப்புக்கு இடம் குறைவு. நேபாளம், யப்பான் ஆகிய நாடுகளின் செய்மதிகளோடு ஒரே மாதிரியில் மூன்றாக அது ஆக்கப்பட்டது. உறுப்புக்களைப் பெருக்காது செய்மதிகளையே பெருக்கும் இப்புதிய போக்கிலும் பழைய வினா மறைந்துவிடவில்லை. ஒரே மாதிரியாக அமைந்த மூன்றில், மாதிரியிலுள்ள பிழை மூன்றுக்கும் பொதுவாகும்.

5. மீண்டும் மன்னாருக்கு

2004 டிசெம்பர் 26ஆந் திகதி கடற்கோள் இலங்கைக் கரைகளை அழித்தபோது, தொலைபேசிகள் செயலிழந்த அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் செய்தி அனுப்ப இந்நாட்டு வானொலி ஆர்வலர் சிற்றலைக் கருவிகளோடு சென்றனர். அவர்கள் கருவிகள் ஏன் இயங்கின என்பதே நாம் அறியவேண்டியது. அவை ஊரின் மின்வலுவைச் சாரவில்லை. மோட்டார் வண்டியின் மின்கலமே அத்தகைய கருவிகளுக்குப் போதும். அவை எந்தக் கோபுரத்தையும் சாரவில்லை; மரத்திற் கட்டிய கம்பியே அலைவாங்கியாக அமையும். கெட்டுப்போனவற்றோடு அவற்றுக்குப் பொது வேர் இல்லாமையே அவற்றின் பலம்.

இவ்வாறு நோக்கின், மாற்றேற்பாடு எனச் சொல்லப்படும் எதனையும் மூன்று வினாக்களால் சோதித்தல் தகும். முதலாவது வழியும் இரண்டாவது வழியும் ஒரே வலுவை உண்கின்றனவா? ஒரே நிலத்தின் மேல் நிற்கின்றனவா? ஒரே கையினால் நிறுத்தப்படத் தக்கனவா? முதல் வினாவை ஹாம்சாற் கற்பித்தது. இரண்டாவதைத் தனுஷ்கோடி கற்பித்தது. மூன்றாவதை 1984க்கும் 2015க்கும் இடைப்பட்ட மன்னாரின் ஆண்டுகள் கற்பித்தன.

இன்று மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் தெருவும் புகைவண்டிப் பாதையும் ஆழங்குறைந்த ஒரே நீர்ப்பரப்பை அருகருகே கடக்கின்றன. மீனவர் கையில் தொலைபேசி உண்டு. கரையிற் கோபுரங்கள் உண்டு. 2020 டிசெம்பரிற் கிழக்குக் கரையில் ஏறி வடபகுதியைக் கடந்து மன்னார்க் குடாவில் இறங்கிய ‘புரெவி’ சூறாவளி, 1964ஆம் ஆண்டின் காற்றுக்கு இக்கரை இன்னும் பாதையாகவே உள்ளது என்பதை நினைவூட்டியது. இரண்டு நிறுவனங்களின் கோபுரங்கள் இருப்பதனால் இரண்டு வழிகள் உண்டென மக்கள் நம்பலாம். ஆனால் அவற்றுக்கு மின்வலு எங்கிருந்து வருகின்றது, அவற்றின் செய்தி எப்பாதையாகத் தீவை விட்டு வெளியேறுகின்றது, எவ்வளவு நேரம் தம் மின்கலத்தில் அவை நிற்கும் என்பவற்றைக் கேட்டறியும் உரிமை கரையில் வாழ்வோருக்கு உண்டு. பேரழிவின் பின் கேட்கும் கேள்வியாக அது அமைதல் ஆகாது.

இதற்கு விண்ணையே எதிர்பார்த்திருக்க வேண்டுவதில்லை. ஆர்வலர் வானொலி அனுமதி இந்நாட்டிலே தேர்வின் மூலம் பெறத்தக்கது. பேசாலையிலும் தலைமன்னாரிலும் எருக்கலம்பிட்டியிலும் அத்தேர்வுக்குப் பயிற்றப்பட்ட இளைஞர் சிலர் இருப்பின், ஒரு மின்கலமும் ஒரு கருவியும் ஒரு கம்பியும் அவர்கள் பொறுப்பில் இருப்பின், பொது வேரைச் சாராத ஒரு வழி தீவுக்கு உண்டாகும். அவ்வழி தனியார் ஆதாயத்தையோ தலைநகரின் ஆணையையோ எதிர்பார்த்து நிற்பதன்று. அண்டையிலுள்ளோர் தம் கையால் இயக்குவது.

மன்னாரின் வழிகளை அமைத்தோர் பலர். அவற்றை அறுத்தோரும் பலர். அவ்வழிகளின் மீது வாழ்ந்தோரிடம் எவரும் கேட்டாரல்லர். கெட்டது ஒதுங்கினால் எஞ்சியது வாழும் என்பதற்கு ஐம்பதாண்டு கடந்த ஒரு சிறு செய்மதி சான்றாக உள்ளது. எஞ்சுவதற்கென ஒன்றை முன்கூட்டியே வேறாக வைத்திருத்தல் வேண்டும் என்பதே அச்சான்றின் பொருள். அவ்வாறு வைத்தல் பொறியியலின் கடமை மட்டுமன்று. அது ஒரு சமூகத்தின் உரிமைக் கோரிக்கையுமாகும்.